உப்புக்கோட்டை: மிச்சம் ஆறு அத்தியாயம்

இயேசு மரி சூசை காவல்

தமிழ்நாடு
17.03.2025

அன்பு மனைவி பெற்றிசியாவுக்கு,

நான் பிடிபட்ட சேதி இதற்குள் நம் கீரி ஊர் முழுக்கப் பரவியிருக்கும். ஆளுக்கொரு கதையும் கட்டியிருப்பார்கள். நடந்தது இதுதான். மூன்றாம் திகதி விடியற்காலை, வலை இழுத்து முடிகிற நேரம், எஞ்சின் நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கைத் தோல் கழன்றதுதான் மிச்சம். காற்றும் நீரோட்டமும் அன்றைக்கென்று ஒரே பக்கம். மறுநாள் மத்தியானம் இந்தியக் காவல் கப்பல் கண்டு கட்டி இழுத்துக்கொண்டு போனது. அடிக்கவில்லை. தண்ணீரும் பிஸ்கட்டும் தந்தார்கள். எல்லை தாண்டி மீன் பிடித்தேன் என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

இந்தச் சிறையில் என்னோடு ஒரே அறையில் நம் நாட்டுச் சிலாபத்து மீனவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். நன்றாகத் தமிழ் பேசுகிறார்கள். இங்கிருந்து நம் நாட்டுக்குத் தொலைபேசி எடுக்க விடமாட்டார்கள். வெளிநாட்டுப் பொதியும் எடுக்கமாட்டார்கள். கடிதம் மட்டும் வரலாம், அதையும் ஒருவர் திறந்து வாசித்துத்தான் தருவார். அதனால் எனக்கு இனி வானொலி, பேப்பர், கோவில் எல்லாம் உன் கடிதம்தான். உள்ளதை உள்ளபடி எழுது.

ஒரு உதவி. சிரிக்காதே. அலுமாரிக்கு மேல் ‘தீக்கலம்’ நாவலின் இரண்டாம் பாகம் கிடக்கும், ‘உப்புக்கோட்டை’ என்று அட்டையில் போட்டிருக்கும். தலைமன்னார் பஸ் ரிக்கற்றை அடையாளம் வைத்த இடம்வரை வாசித்துவிட்டேன். இன்னும் ஆறு அத்தியாயம் மிச்சம். ஒவ்வொரு கடிதத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்து எழுதி அனுப்புவாயா? இங்கே பகல் முடிகிறதே இல்லை.

அப்பா எப்படி இருக்கிறார்? அன்று கரையில் வைத்து, “எஞ்சின்ர சத்தம் சரியில்லை, இண்டைக்கு விடு” என்றார். “உங்கட காதுதான் சரியில்லை” என்று சொல்லிவிட்டேன். அவர் படகைத் தள்ளக் கை கொடுக்காமல் திரும்பி நின்றார். கண்ணை மூடினால் அந்த முதுகுதான் தெரிகிறது. அவருடைய கோபம் தீர்ந்ததா என்று கட்டாயம் எழுது.

பிள்ளை சுவேதினிக்கு முத்தங்கள்.

உன்
றொசாந்தன்


இயேசு மரி சூசை காவல்

கீரி, மன்னார்
06.04.2025

என் அன்பு அத்தான்,

உங்கள் எழுத்தைக் கண்ட பிறகுதான் தொண்டையால் சோறு இறங்கியது. உங்களைக் கடல் கொண்டுபோகவில்லை என்று நான்காம் நாள்தான் எங்களுக்குத் தெரியும். அந்த நான்கு நாளும் எப்படிப் போனது என்று எழுதமாட்டேன்.

நாங்கள் சுகம். நான் நண்டு உடைக்கிற இடத்துக்குப் பழையபடி போகிறேன். பின்னேரத்தில் வழக்கம்போல் ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். போன கிழமை பக்கத்து வீட்டு ஜெஸ்லியாவுக்கு வீட்டுத்திட்ட மனு. கூரை பாதிதான் போனது, முழுக்கப் போனது என்று எழுதினேன். பார்த்துச் சிரித்தாள். மனு என்றால் கொஞ்சம் உப்புப் போடத்தானே வேண்டும், இல்லாவிட்டால் கந்தோரில் எந்த அதிகாரி அதை விழுங்குவார்?

மாமாவின் கதையைக் கேட்டிருந்தீர்கள். பேச்சுக் குறைவு. விடிய எழும்பி, உங்கள் படகு கட்டுகிற இடத்தில் போய் இருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார். உங்களோடு கோபமா என்று கேட்டேன். “இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்டார். அதுதான் பதில்.

புத்தகத்தை எடுத்தேன். இருபத்திரண்டு அத்தியாயம் முடிந்தும் இவர்கள் இன்னும் பாதி வழியில் நிற்கிறார்களே, இது என்ன கதை அத்தான்? முதல் பாகத்தில் புறப்பட்டார்கள், மூன்றாம் பாகத்தில் போய்ச் சேருவார்கள். நடுப்பாகத்தில் நடக்கிறார்கள், நனைகிறார்கள், தங்களுக்குள்ளே சண்டை கொழுவுகிறார்கள். எரிமலையில் எடுத்த நெருப்பைச் சட்டியில் காவிக்கொண்டுபோய் விளக்கு அவிந்த வெளிச்சவீட்டில் ஏற்றுவதற்கு இவ்வளவு பாடா? அந்த ஊரில் நெருப்புப்பெட்டி கண்டுபிடிக்கவில்லையாக்கும். அந்தப் படகோட்டி ஆழியன் ஒருவன்தான் மனிதன் மாதிரி இருக்கிறான். அரசகுமாரி வெண்ணிலிக்கு ஒரு தேயிலைச் சாயத்தண்ணி வைக்கவும் தெரியாது.

ஆனாலும் எழுதிவிட்டேன். இருபத்துமூன்றாம் அத்தியாயம் இதோடு இருக்கிறது. ஒன்பது பக்கம், விரல் நோகிறது.

உங்கள்
பெற்றிசியா


இயேசு மரி சூசை காவல்

தமிழ்நாடு
02.05.2025

அன்புப் பெற்றிசியாவுக்கு,

கடிதமும் அத்தியாயமும் கிடைத்தன. அறையில் உரக்க வாசித்தேன். சிலாபத்தார் மூன்று பேரும் வாய் திறந்தபடி கேட்டார்கள். முதல் இருபத்திரண்டு அத்தியாயத்தையும் அவர்களுக்கு வாயால் சொல்லி முடிக்க நான்கு நாள் ஆனது. கடிதம் பார்த்துக் கொடுக்கிற ஐயாவும் வாசித்திருக்கிறார். “அடுத்தது எப்ப வரும்?” என்று என்னிடமே கேட்கிறார். ஆகவே நீ இப்போது ஐந்து பேருக்கு எழுதுகிறாய். ஒரு எழுத்தும் மாறாமல் எழுது, மனுவுக்குப் போடுகிற உப்பை இதில் போடாதே.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இரவில் நித்திரை இல்லை. போன கிழமை மூன்று நாள் சாப்பிடவில்லை, இறங்கவில்லை. சில நேரம் கூடாத நினைப்புகள் வருகின்றன. பயப்படாதே, எழுதினால் கொஞ்சம் விலகுகின்றன. அப்பா கறி என்ன என்று கேட்டார் என்று எழுதியிருந்தாய். அது கோபம்தான். அவரை எனக்குத் தெரியும். அவர் என்னோடு கதைப்பார் என்று ஒரு சொல் வந்தால் போதும், மற்றதை எல்லாம் தாங்குவேன். அவர் பக்கத்தில் இருந்து கேட்டு எழுது. ஏசினாலும் பரவாயில்லை.

சுவேதினியை ஒரு வரி எழுதச் சொல்லு.

உன்
றொசாந்தன்


இயேசு மரி சூசை காவல்

கீரி, மன்னார்
23.05.2025

என் அன்பு அத்தான்,

சாப்பிடாமல் இருக்கவேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். கூடாத நினைப்பு வந்தால் சிலாபத்து அண்ணைமாரை எழுப்பிக் கதையுங்கோ. நான் இங்கே உங்களுக்காக மடுமாதாவுக்கு நேர்ந்திருக்கிறேன், வந்து நீங்கள்தான் அதைத் தீர்க்கவேண்டும்.

மாமாவுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது. உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “அவனும் என்ன செய்யிறது, எஞ்சின் நிண்டால் ஆர்தான் என்ன செய்யிறது. நானும் அவன்ர வயசில என்ர அப்புவுக்கு வாய் காட்டினனான். அது கிடக்கட்டும், அவனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு.” இதை அப்படியே உங்களுக்கு எழுதச் சொன்னார்.

இப்போது நான் அத்தியாயம் எழுதுகிற நேரம் அவருக்கும் வாசித்துக் காட்டுகிறேன். அவர் சொல்கிற விமர்சனத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். “கடலால போறாங்கள், ஒருத்தனும் வலை கொண்டுபோகேல்லை. பிறகு பசி பசி எண்டு பாட்டுப் படிக்கிறாங்கள். இவங்களை நம்பியே வெளிச்சவீடு அவிஞ்சு கிடக்குது? அரசகுமாரிக்கு நீந்தத் தெரியாதாம், பிறகென்ன கடலரசன்ர மகள்?” என்கிறார்.

சுவேதினிக்குப் பள்ளிக்கூடத்தில் தவணைச் சோதனை. மூச்சுவிட நேரமில்லை. பிறகு எழுதுவாள்.

இருபத்துநான்கும் இருபத்தைந்தும் இதோடு வருகின்றன. நெருப்புச்சட்டியோடு உப்புக்கோட்டைக்கு வந்துவிட்டார்கள். சண்டை வருகிற இடங்களைச் சுருக்கினேன், குறை நினைக்காதீர்கள்.

உங்கள்
பெற்றிசியா


இயேசு மரி சூசை காவல்

தமிழ்நாடு
15.06.2025

அன்புப் பெற்றிசியாவுக்கு,

அப்பாவின் பேச்சை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. அன்றிரவு நித்திரை கொண்டேன். வலை இல்லாத கதையை வாசித்தபோது சிலாபத்து மூத்த அண்ணை சிரித்துப் புரைக்கேறி இருமினார். இப்போது இவர்கள் அத்தியாயத்துக்கு முதல் அப்பாவின் விமர்சனத்தைத்தான் கேட்கிறார்கள். அவரிடம் சொல்லு, கடல் தாண்டி அவருக்கு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

நல்ல சேதி ஒன்று. விடுதலைப் பட்டியல் ஒன்று போகிறதாம். இலங்கைத் துணைத் தூதரகத்து ஐயா வந்து எங்கள் நாலு பேருடைய பெயரையும் எழுதிக்கொண்டு போனார். யூலை கடைசியில் விடக்கூடும் என்கிறார்கள். நம்பவும் பயமாக இருக்கிறது, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் எழும்பி நின்றுவிடுகிறேன்.

கடிதம் பார்க்கிற ஐயா இடம் மாறிப் போய்விட்டார். போகும்போது, கதை எப்படி முடிகிறது என்று தனக்கு ஒரு தபாலட்டை போடச் சொன்னார். புதிதாக வந்தவர் சிரிப்பதில்லை.

மிச்சம் மூன்றையும் சேர்த்தே அனுப்பிவிடு. முடிவு தெரியாமல் இங்கிருந்து போனால் இவர்கள் என்னை விடமாட்டார்கள். ஆழியனுக்கு என்ன நடக்கிறது? கோட்டைக்காரர் அவனைத்தானே பிடித்தார்கள்?

சோதனை முடிந்திருக்குமே. சுவேதினி ஏன் இன்னும் ஒரு வரி எழுதவில்லை? என்னோடு அவளுக்கும் கோபமா?

உன்
றொசாந்தன்


இயேசு மரி சூசை காவல்

கீரி, மன்னார்
04.07.2025

என் அன்பு அத்தான்,

யூலை கடைசி என்ற வசனத்தை நான் வாசித்த விதத்தைக் கண்டிருந்தால் பைத்தியம் என்பீர்கள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பிறகு, ஆசைப்பட்டுச் செய்தால் நடக்காமல் போகுமோ என்று பயந்து பாதியில் விட்டேன். இப்போது ஒரு சுவர் வெள்ளை, மற்றச் சுவர் பழசு. ஜெஸ்லியா கேட்டதற்குச் சுண்ணாம்பு முடிந்துவிட்டது என்றேன்.

சுவேதினிக்குக் கோபம் இல்லை. அவளுக்குச் சளிக் காய்ச்சல் வந்து மாறியது. நீங்கள் நேரில் வருகிறீர்கள்தானே, வந்து கேளுங்கோ.

மாமா சொல்கிறார்: “நடுவில நிக்கிறதுதான் கஸ்ரம். போகேக்கயும் கரை தெரியும், வரேக்கயும் கரை தெரியும், நடுக்கடலில ஒண்டும் தெரியாது. அங்க நிக்கிறவனுக்குத்தான் நெஞ்சு வேணும். ஆழியனுக்கு அது இருக்குது, என்ர மோனுக்கும் இருக்குது.”

மூன்று அத்தியாயமும் முழுதாக இதில் இருக்கிறது. ஆழியன் தப்பிவிடுகிறான் அத்தான். கோட்டையின் கிழக்குச் சுவர் உப்புக்கல். முழுநிலவுப் பறுவத்து வெள்ளம் ஏறினால் அடிக்கல் இளகும். அவன் கறிக் கரண்டியால் இருபது நாள் சுரண்டுகிறான். மூன்றாம் சாமத்தில் காவல் மாறுகிற நேரம் வெளியே வந்து, நீந்திப்போய், மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறான். உங்களுக்கு விளங்கட்டும் என்று கோட்டையின் படத்தையும் கீறியிருக்கிறேன். காவற்காரர் நிற்கிற இடத்துக்குப் புள்ளி, அவன் போகிற வழிக்குக் கோடு.

வாருங்கோ. வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

உங்கள்
பெற்றிசியா


இயேசு மரி சூசை காவல்

தமிழ்நாடு
09.08.2025

பெற்றிசியாவுக்கு,

சிலாபத்தார் மூன்று பேரும் போன மாதம் முப்பதாம் திகதி போய்விட்டார்கள். என்னை விடவில்லை.

உன் கடிதத்தைப் புதிய ஐயா பிடித்து வைத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, மேசையில் உன் படத்தை விரித்து, இது எந்தக் கட்டடம் என்று கேட்டார். கதை என்றேன். கரண்டி எங்கே என்றார். பெற்றிசியா, இந்தச் சிறையின் கிழக்குச் சுவரைப் போன மாதம்தான் இடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அதை நீ எப்படி அறிவாய் என்று கேட்கிறார்கள். எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது என்றேன். படுக்கையைப் பிரித்துப் பார்த்தார்கள். என்னைத் தனி அறையில் போட்டு, விசாரணை முடியும்வரை பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேலை அது. கடைசியில் பெரிய ஐயா ஒரு வழி சொன்னார். அச்சடித்த புத்தகத்தைத் துணைத் தூதரகம் மூலமாக எடுப்பிக்கச் சொன்னார். கடிதத்தில் உள்ளது புத்தகத்திலும் இருந்தால் விசயம் முடிந்தது என்றார். நான் சத்தியம் பண்ணினேன், என் மனிசி சண்டையைச் சுருக்கினதைத் தவிர ஒரு எழுத்தும் மாற்றாமல் பார்த்து எழுதினவள் என்று.

புத்தகத்தை உடனே மன்னார் மீன்பிடிக் கந்தோரில் கொண்டுபோய்க் கொடு. அங்கிருந்து அனுப்புவார்கள். ஒரு எழுத்தும் மாறாமல்தானே எழுதினாய்? இந்தக் கேள்வியை ஏன் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தனியாக இருந்தால் ஆயிரம் யோசனை வருகிறது.

றொசாந்தன்


இயேசு மரி சூசை காவல்

கீரி, மன்னார்
22.08.2025

என் அன்பு அத்தான்,

புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். அது போய்ச் சேருவதற்கு முதல் நானே சொல்லவேண்டும். புத்தகத்தில் ஆழியன் தப்பவில்லை.

கரண்டி இல்லை, பறுவம் இல்லை, மூன்றாம் சாமம் இல்லை. கிழக்குச் சுவர் என்று ஒரு சொல் இல்லை. கோட்டைக்காரர் ஒரு ஆளைப் பிணை வைத்தால் நெருப்பைப் போகவிடுகிறோம் என்கிறார்கள். ஏற்கெனவே பிடிபட்ட ஆழியன், நானே நிற்கிறேன் என்கிறான். அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுதுகிறேன், இந்தத் தரம் உண்மையாகவே பார்த்து:

“வெண்ணிலி திரும்பிப் பார்த்தாள். ஆழியன் கையை உயர்த்தவில்லை. உயர்த்தினால் அவள் நின்றுவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். கதவு மூடியது. நெருப்பு தெற்கே போயிற்று.”

இதோடு இரண்டாம் பாகம் முடிகிறது. மூன்றாம் பாகம் இன்னும் வரவில்லை. மன்னாரில் கடைக்காரரிடம் விசாரித்தேன், எழுதியவர் எழுதிக்கொண்டிருக்கிறாராம்.

யூலை மாதம் நான் இதைப் பார்த்து எழுதத் தொடங்கினேன் அத்தான். ‘கதவு மூடியது’ என்ற இடத்தில் கை வரவில்லை. நாலு தரம் தாளைக் கிழித்தேன். பட்டியலில் பெயர் இருக்கிற மனிதனுக்கு இதை அனுப்புவதா என்று நினைத்தேன். பிறகு கரண்டி வந்தது. கரண்டி வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டு எழுதினேன். அவனை வெளியே எடுத்தபோது உங்களையே எடுத்தது மாதிரி இருந்தது. அந்தச் சந்தோசத்தில்தான் படம் கீறினேன். நான் கீறிய கோடு உங்களுக்கு விலங்காகும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

பெரிய ஐயாவுக்குத் தனியாக ஒரு கடிதம் புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். ‘எழுதியவள் நான். அவருக்குத் தெரியாது. என் புருசன் வெளியே வரவேண்டும் என்ற ஆசையில் எழுதினேன்.’ மூன்று வரிதான். என் வாழ்க்கையில் எழுதிய மனுக்களில் உப்பில்லாதது அது ஒன்றுதான்.

சிலாபத்து அண்ணைமாரோடு நீங்களும் வந்திருக்கவேண்டியது. என்னால்தான் இல்லை. என்னை ஏசி ஒரு கடிதம் போடுங்கோ. பேசாமல் மட்டும் இருக்கவேண்டாம்.

உங்கள்
பெற்றிசியா


இயேசு மரி சூசை காவல்

தமிழ்நாடு
14.09.2025

பெற்றிசியாவுக்கு,

புத்தகத்தையும் உன் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார்களாம். குற்றம் ஒன்றும் இல்லை என்று எழுதி, என்னைப் பழைய அறைக்கு விட்டுவிட்டார்கள். பட்டியல் போனது போனதுதான். அடுத்த வழக்குத் தவணை ஒக்ரோபர் இருபத்தோராம் திகதி. புத்தகத்தையும் பிடித்து வைத்த கடிதத்தையும் என்னிடம் தந்தார்கள்.

ஆழியனுக்காக நான் உன்னை ஏசமாட்டேன். தப்பவிட்டாய், அது எனக்கு விளங்குகிறது.

ஆனால் புத்தகத்தை முழுதாக வாசித்தேன். இருபத்துநான்காம் அத்தியாயத்திலேயே நீ வந்துவிட்டாய். நீ அனுப்பிய தாளில் ஆழியன் நண்டுக் கோது விரலைக் கிழிக்கிறதைப் பற்றிப் பேசுகிறான், புத்தகத்தில் அவன் நண்டுக் கோதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவன் நாக்கில் நின்று பேசினது நீ. அதற்குப் பிறகு உன் கடிதங்களை எடுத்து, அப்பா பேசினதை எல்லாம் திரும்ப வாசித்தேன்.

என் அப்பா யாகப்பர் ஒரு வசனத்துக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. அம்மா செத்த அன்றும் “சரி, தூக்குவம்” என்றுதான் சொன்னார். உன் கடிதத்தில் அவர் ஐந்து வரி, ஆறு வரி பேசுகிறார். பகிடி விடுகிறார். ‘என்ர மோன்’ என்கிறார். என்னை அப்படி அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எனக்கு அது அவ்வளவு தேவையாக இருந்ததால் நான் அதைப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் நீ எழுதியது அவர்தான். கறி என்ன என்று கேட்டவர் என் அப்பா. மே மாதக் கடிதத்திலிருந்து வருகிறவர் யார்?

பிள்ளை ஏன் எனக்கு எழுதவில்லை? அவள் எழுதினால் எதை எழுதிவிடுவாள் என்று பயந்தாய்?

அப்பா இருக்கிறாரா?

இல்லையென்றால் இல்லை என்று எழுது. எப்படிப் போனார் என்று எழுது. கூட்டாதே, குறைக்காதே. அது வரும்வரை நான் எழுதமாட்டேன்.

றொசாந்தன்


இயேசு மரி சூசை காவல்

கீரி, மன்னார்
30.09.2025

அத்தான்,

மாமா இல்லை. ஏப்ரல் இருபத்தொன்பதாம் திகதி செவ்வாய்க்கிழமை போனார். நீங்கள் மே இரண்டாம் திகதி, அவர் பக்கத்தில் இருந்து கேட்டு எழுது என்று எழுதியபோது, அவரை அடக்கி ஒரு நாள் ஆகியிருந்தது.

அந்தக் கடிதம் அவர் போய் முப்பது நாளுக்குள் வந்தது. நீங்கள் சாப்பிடவில்லை, கூடாத நினைப்பு வருகிறது, அவருடைய ஒரு சொல் போதும் என்று அதில் எழுதியிருந்தீர்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு சொல் எழுதினேன். பிறகு நீங்கள் சிரித்தேன் என்று எழுதினீர்கள். செத்த மனிதனை இங்கே குசினி அடுப்படியில் இருத்திப் பேசவைத்துக்கொண்டிருந்தேன். சுவேதினி, “அம்மா, அப்பாக்குச் சொல்லேல்லையா?” என்று கேட்டபோதெல்லாம் அவள் வாயை அடக்கினேன். இது பாவம் என்று தெரிந்துதான் செய்தேன். மன்னிப்புக் கேட்கிறேன். தருவதும் தராததும் உங்கள் பாடு.

இனி நடந்தது.

இருபத்தாறாம் திகதி சனிக்கிழமை காலை கரைக்குப் போனவர் பத்து மணியாகியும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். உங்கள் படகு கட்டுகிற குற்றிக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தார். வலது கையும் காலும் வரவில்லை. ஜெஸ்லியாவின் புருசன் ஓட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் பாரிசவாதம் என்றார்கள். வாட்டில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். நான் பகலிலும் இரவிலும் நின்றேன்.

அந்த மூன்று நாளும் அவருக்கு ஒருவரையும் தெரியவில்லை. என்னைத் தன் தங்கச்சி என்று நினைத்தார். இரண்டு தரம் தண்ணீர் கேட்டார். ஒரு தரம் “கதவைச் சாத்து, மணல் வருது” என்றார். திங்கட்கிழமை பாதர் வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்தார். செவ்வாய் காலை ஏழேகாலுக்கு மூச்சு நின்றது. நான் முகம் கழுவப் போயிருந்தேன். பக்கத்தில் இருக்கவில்லை.

மே முதலாம் திகதி பின்னேரம் எங்கள் சேமக்காலையில், மாமிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். கரையார் எல்லோரும் அன்று கடலுக்குப் போகவில்லை. தலைமாட்டில் நீங்கள் நிற்கவேண்டிய இடத்தில் ஒருவரையும் நிற்கவிடவில்லை. வெறுமையாக விட்டோம். முதல் பிடி மண்ணைச் சுவேதினி போட்டாள். முப்பத்தோராம் நாள் பூசை கொடுத்தேன்.

உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோபம் தீர்ந்தது என்றும் சொல்லவில்லை, தீரவில்லை என்றும் சொல்லவில்லை. இந்த இடத்தில் ஒரு வரி போட்டால் உங்களுக்கு நித்திரை வரும் என்று எனக்குத் தெரியும். போடவில்லை.

தவணையில் நல்லது நடக்கும் என்றும் எழுதமாட்டேன். எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது, அதுதான் உண்மை.

இனிச் சுவேதினியிடம் பேனையைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். அவள் எழுதியதை வாசிக்கமாட்டேன். அவளே ஒட்டித் தபாற்கந்தோரில் போடட்டும்.

பெற்றிசியா


அப்பா,

நான் உங்களோட கோவம் இல்லை. எனக்குக் காய்ச்சலும் வரேல்லை. அம்மா என்ன மாக்ஸ் எண்டு எழுதினவவோ தெரியாது, கணக்குக்கு எனக்கு 41.

அம்மா எழுதினதை நான் வாசிச்சனான். எல்லாம் சரி. ஒண்டை மட்டும் விட்டிட்டா. நீங்கள் போன பிறகு எங்கட அப்பப்பா உங்கட பழைய சேட்டு ஒண்டைத்தான் போடுறவர். நீலக்கோடு போட்டது, கடலுக்குப் போடுறது, கொலர் கிழிஞ்சது. மணக்குது, கழட்டுங்கோ, தோய்ச்சுத் தாறன் எண்டு அம்மா எத்தினையோ தரம் கேட்டவ. அவர் குடுக்கேல்லை. அதோடதான் ஆஸ்பத்திரிக்கும் போனவர். அங்க நேர்ஸ்தான் கத்திரிக்கோலால வெட்டிக் கழட்டினவ.

அதை ஏன் எழுதேல்லை எண்டு அம்மாட்டக் கேட்டனான். எழுதினாலும் நீங்கள் இனி நம்பமாட்டீங்களாம்.

சுவேதினி